கோட்டை இல்லாத ஊரில் டீ விருந்து

பத்துத் திக்கிலும் தேர் ஓட்டியவனுக்குத்தான் தசரதன் என்று பெயர் என்று ஆரணியில் ஒரு தமிழ் வாத்தியார் வகுப்பில் சொன்னார். அந்தப் பெயரோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன் பின்னாளில் டிரைவர் ஆனதற்கு அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை தவறியதுதான் காரணம். ஆனாலும் யாராவது கேட்டால் தசரதன் முதல் காரணத்தையே சொல்வான். பத்துத் திக்கும் அவனுக்கு வாய்க்கவில்லை. வாய்த்தது ஒரே திக்கு. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஆட்களை ஏற்றி, ஒரகடம் வழியாகப் போய், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்த மோட்டார் உதிரிப்பாகக் கம்பெனி வாசலில் இறக்க வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் அதே ஆட்களை அதே வழியில் திருப்பிக் கொண்டுபோய் விட வேண்டும்.

குடியிருந்தது ஒரகடம் கூட்ரோட்டில். மனைவி ரத்னா மணிமங்கலத்துப் பெண். மூத்த மகள் சத்யப்பிரியா இரண்டாம் வகுப்பு படித்தாள். சின்னவள் கார்முகில் பள்ளிக்கூடத்துக்குப் போவதும் போகாததும் அவள் இஷ்டம்.

1991ஆம் வருஷம் ஆவணி மாதம் அந்த வீட்டில் நடந்த குழப்பத்துக்கெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாதான் மூலம். முந்தின வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் கொடுத்தது. பிஸ்கட் தீர்ந்ததும் ரத்னா அதில் கடுகு, சீரகம் போட்டு வைத்திருந்தாள். மூடியில் ஒரு படம் இருந்தது. புல்வெளியில் மேஜை போட்டு, தரையில் புரளும் கவுனும் தலையில் கிரீடமுமாக மூன்று வெள்ளைக்காரப் பெண்கள் சின்னச் சின்னக் கோப்பைகளில் என்னவோ குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு கோட்டை.

"யாருப்பா இவங்க?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்முகில் கேட்டாள்.

"ராஜகுமாரிங்க."

"இன்னா பண்றாங்க?"

"டீ குடிக்கறாங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த தசரதனுக்கு வாயை எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒரு நாளும் தெரிந்ததில்லை. "அவங்க அப்பா பெரிய ராஜா. மாசத்துக்கு ஒரு தபா பொண்ணுங்கள கோட்டைக்கு இட்டுகினு போயி, டீ வெச்சிக் குடுப்பாரு. அவரே கையால ஊத்துவாரு" என்று சொல்லிக்கொண்டே போனான்.

சத்யப்பிரியா வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "உம் பேரும் ராஜா பேருதானப்பா?"

"ஆமா."

"அப்ப எங்கள எப்ப இட்டுகினு போவ?"

"போலாம், போலாம்."

"எந்தக் கோட்டைக்கு?"

தசரதன் ரத்னாவைப் பார்த்தான். அவள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சே காதில் விழாத மாதிரி முகத்தை வைத்திருந்தாள். ஒரு கோட்டையின் பெயரைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கத்தில் கோட்டை என்று முடிகிற ஊர் இரண்டு இருந்தன. இருங்காட்டுக்கோட்டையில் எந்தக் கோட்டையையும் அவன் பார்த்ததில்லை. மிச்சம் இருந்தது வல்லக்கோட்டை. அந்தத் திருப்பத்தை அவன் தினமும் தாண்டிப் போகிறான், ஆனால் உள்ளே போனதில்லை. கம்பெனி பஸ்ஸுக்கு அங்கே ஸ்டாப்பிங் கிடையாது. முருகன் கோயில் இருப்பது தெரியும். கோயிலுக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே ஒரு கோட்டை இல்லாமலா அந்தப் பெயர் வந்திருக்கும்?

"வல்லக்கோட்டைக்கு" என்றான். "பெரிய கோட்ட. மரம் மறச்சிகினு கீது. ரோட்லேருந்து பாத்தா தெரியாது."

கத்திரிக்காய் நறுக்குகிற சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது.

அடுத்த ஞாயிறு என்று நாள் குறித்தாயிற்று. முதல் சிக்கல் டீயிலேயே வந்தது. டீ குடித்தால் பிள்ளைகள் கறுத்துப் போய்விடும் என்பது ரத்னாவின் கட்சி. "டீ இல்லாம டீ பார்ட்டியா?" என்று தசரதன் கேட்டான். "நீ குடிச்சிகினு தான கீற, கண்ணாடியில உன் மூஞ்சப் பாரு" என்றாள். கடைசியில் பாலில் ஒரே ஒரு கரண்டி டிகாக்ஷன், நிறத்துக்கு மட்டும், என்று உடன்பாடு ஆயிற்று.

இரண்டாவது சிக்கல் கோப்பை. கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த ரோஜாப்பூ போட்ட கப்பும் சாசரும் பரண்மேல் செய்தித்தாள் சுற்றிக் கிடந்தன. நல்ல விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று ரத்னா வைத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் தசரதனின் அக்கா, மச்சான், கம்பெனி யூனியன் தலைவர் என்று எத்தனையோ பேர் வந்து போனார்கள். ஒருவரும் அந்தத் தகுதியை எட்டவில்லை. "ராஜகுமாரிங்களுக்கே எடுக்கலன்னா வேற யாருக்கு எடுப்ப?" என்று தசரதன் கேட்டதும் ரத்னா ஸ்டூலைக் கொண்டுவந்து பரணுக்குக் கீழே போட்டாள். பரணில் ஏறி இறக்கும்போது இரண்டு கப் உடைந்தது. அவன் கையால்தான். நாலு மிஞ்சியது.

கவுனுக்கு டப்பா மூடியை எடுத்துக்கொண்டு கூட்ரோட்டு டெய்லர் சுந்தராம்பாளிடம் போனான். அந்த அம்மாள் ரவிக்கையும் பாவாடையும் மட்டுமே தைத்துப் பழகியவள். மூடியைத் தூரப் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"இது கவுனா, கொசுவலையா?"

"ரெண்டுக்கும் நடுவுலக்கா. கை மட்டும் புஸ்ஸுன்னு வரணும்."

ரத்னாவின் பழைய நைலக்ஸ் புடவையைக் கிழித்து இரண்டு கவுன் தைத்துக் கொடுத்தாள். கை புஸ்ஸென்று வந்தது. ரொம்பவே வந்தது. பிள்ளைகள் இரண்டும் வாசல்படியில் ஒன்றாக நுழைய முடியவில்லை.

கிரீடம் தசரதனின் சொந்தத் தயாரிப்பு. பழைய காலண்டர் அட்டை, ஜிகினாப் பேப்பர், மைதாப் பசை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் தன் தலையில் வைத்து அளவு பார்த்துச் செய்தான். மாலையில் கார்முகில் தலையில் வைத்தபோது அது காதைத் தாண்டி, மூக்கைத் தாண்டி, கழுத்தில் போய் உட்கார்ந்தது.

"மாலை நல்லா கீது" என்றாள் ரத்னா.

சின்னதாக இரண்டு மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. பெரியதைத் தூக்கிப் போடலாம் என்றால் சத்யப்பிரியா விடவில்லை. ராஜாவுக்கும் கிரீடம் வேண்டாமா என்று கேட்டாள். "அங்க போயி வெச்சிக்கறேன்" என்று சொல்லித் தப்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரும் கூட்ரோட்டில் ரூட் பஸ் ஏறினார்கள். பயணியாக உட்கார்ந்து போவது தசரதனுக்குப் பழக்கமில்லை. வளைவு வரும்போதெல்லாம் அவன் கால் முன் சீட்டின் அடியில் பிரேக்கைத் தேடி அழுத்தியது. அந்த வருஷம் வைகாசியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற வண்டிகளில் போலீஸ் சோதனை கடுமை. வழியில் ஒரு போலீஸ்காரர் ஏறி ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார். தசரதனின் பையில் கைவிட்டு ஜிகினாக் கிரீடம் ஒன்றை வெளியே எடுத்தார்.

"இன்னாயா இது?"

"கிரீடம் சார்."

"எந்த நாடகம்?"

"நாடகம் இல்ல சார். டீ குடிக்கப் போறோம்."

போலீஸ்காரர் அவனையும், புஸ்ஸென்ற கைகளோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களையும் பார்த்தார். பிளாஸ்க்கைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு ரத்னாவிடம், "வூட்ல பெரியவங்க யாராவது இருந்தா இவர கூட இட்டுகினு வரச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். ரத்னாவும் சிரித்தவர்களில் ஒருத்தி.

வல்லக்கோட்டையில் கோயில் இருந்தது. குளம் இருந்தது. பூக்கடை, தேங்காய்க்கடை இருந்தன. ஆவணி முகூர்த்த நாள் என்பதால் கல்யாண வண்டிகள் வரிசையாக நின்றன. தசரதன் கோயிலை வலமாகச் சுற்றி வந்தான். மரங்களுக்குப் பின்னால் வயல்தான் இருந்தது. வயலுக்குப் பின்னாலும் வயல்.

"கோட்ட எங்கப்பா?" என்றாள் சத்யப்பிரியா.

பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் போய், பிள்ளைகளுக்குக் கேட்காதபடி மெல்ல விசாரித்தான். "கோட்டையா? பேர்லதாம்பா கீது" என்றாள் அவள், குளத்தின் அக்கரைக்கே கேட்கும்படி.

தசரதன் ரத்னாவின் பக்கம் திரும்பினான். "நீ இந்த ஊருக்கு வந்துகிறியா?"

"சின்ன வயசுல வருஷா வருஷம் வருவோம்."

"அப்ப தெரியும். ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

ராஜாவுக்குக் கோட்டை போயிற்று. மிச்சம் மானத்தையாவது காப்பாற்றலாம் என்று பையிலிருந்து பெரிய கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். பிள்ளைகள் கோட்டையை மறந்து கை தட்டினார்கள். குளக்கரை மரத்தடியில் போர்வையை விரித்து, கப்பையும் சாசரையும் ரத்னா அடுக்கத் தொடங்கினாள்.

"டிரைவரண்ணா."

திரும்பிப் பார்த்தான். கம்பெனியில் செக்கிங் செக்ஷனில் வேலை செய்யும் கங்கா நின்றிருந்தாள். அவன் பஸ்ஸில் முன்னால் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து போகிற பெண். மஞ்சள் புடவை, கையில் மாலை. பக்கத்தில் லேத் செக்ஷன் இராமச்சந்திரன், புது வேட்டியில். அதே பஸ்ஸில் கடைசிப் படியில் தொற்றிக்கொண்டு வருகிறவன். இரண்டு வருஷமாக இரண்டு பேரும் அவன் வண்டியில்தான் வந்துபோனார்கள். வண்டிக்குள் ஒரு ஈ பறந்தாலும் என் கண்ணாடியில் தெரியும் என்று தசரதன் சொல்லாத ஆள் கம்பெனியில் கிடையாது.

"நீங்க ரெண்டு பேருமா?" என்றான்.

இராமச்சந்திரன்தான் விஷயத்தைச் சொன்னான். கங்கா வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, ஆளுங்க வேற வேற, ஜாதி ஒத்து வராது என்கிறார்கள். இந்த மாதமே அவளுக்கு வேறு இடத்தில் முடிக்கப் பார்க்கிறார்கள். தாலி எடுத்துக் கொடுக்க வருவதாகச் சொன்ன சிநேகிதன் பயந்துகொண்டு வரவில்லை. பெரியவர்கள் யாராவது நிற்க வேண்டும் என்கிறார் ஐயர். அடுத்த ஜோடி காத்திருக்கிறது.

கங்காவின் அப்பா ரத்தினம் சிங்கப்பெருமாள் கோவிலில் அரிசி மில் மேஸ்திரி. தினமும் காலையில் மகளோடு ஸ்டாப்பிங் வரைக்கும் வந்து, பஸ் கிளம்பினபிறகுதான் திரும்பிப் போவார். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஜன்னலுக்குக் கீழே நின்று, "பொண்ண பத்திரமா இட்டுகினு வந்து விட்டுடு டிரைவரே" என்று சொன்னார். "நீங்க கவலப்படாதீங்க, கண்ணாடியில பாத்துகினே இருப்பேன்" என்று தசரதனும் பெரிய மனுஷனாட்டம் சொல்லியிருந்தான்.

"உங்கப்பா என்னை நம்பி அனுப்பினாரும்மா" என்றான்.

கங்கா தலையைக் குனியவில்லை. "உங்கள நம்பினாருண்ணா. என்னை நம்பல. ஒரு வருஷமா சொல்லிகினு கீறேன். இவரு நல்லவரா கெட்டவரான்னு ஒரு வார்த்த கேக்கல."

தசரதன் அவளையும் பார்த்தான், ரோட்டையும் பார்த்தான். போர்வையை மடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம். பார்க்கவே இல்லை என்று சொல்லிவிடலாம். இரண்டு வருஷமாக எதையும் பார்க்காதவன், இன்னொரு நாள் பார்க்காமல் இருப்பது பெரிய காரியமில்லை.

ரத்னா கையிலிருந்த கப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "யோசிக்கறதுக்கு இன்னா கீது? அந்தப் பொண்ணு மாலையும் கையுமா எத்தினி நேரம் நிக்கும்? வா."

அப்படித்தான் அவர்கள் சந்நிதிக்குப் போனார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணப்பெண்ணுக்குப் பின்னால் நடந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தசரதன் தாலியை எடுத்துக் கொடுத்தான். ரத்னா முடிச்சுக்குத் தலைமுடியை ஒதுக்கிப் பிடித்தாள். ஐயர் மந்திரத்துக்கு நடுவே இவனையே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். தான் கலங்கி நிற்பதைப் பார்த்துத்தான் அவரும் உருகுகிறார் என்று தசரதன் நினைத்தான். எல்லாம் முடிந்து கங்காவும் இராமச்சந்திரனும் காலில் விழுந்து எழுந்தபோது கார்முகில் சொன்னாள்: "அப்பா, கிரீடம் சாஞ்சிகினு கீது."

தலையில் கையை வைத்துப் பார்த்தான். ஆரம்பத்திலிருந்தே அது அங்கேதான் இருந்திருக்கிறது.

கல்யாணச் சாப்பாடு என்று அந்த ஜோடிக்கு எதுவும் ஏற்பாடாகவில்லை. ரத்னா இரண்டு பேரையும் குளக்கரைக்குக் கூட்டி வந்து போர்வையில் உட்கார வைத்தாள். நாலு கப்பில் இரண்டு பொண்ணு மாப்பிள்ளைக்கு, இரண்டு ராஜகுமாரிகளுக்கு. ராஜாவும் ராணியும் பிளாஸ்க் மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். பிஸ்கட் பஸ்ஸில் நொறுங்கியிருந்தது. முழுசாக இருந்ததைத் தேடி எடுத்துக் கங்காவின் சாசரில் வைத்தாள் சத்யப்பிரியா.

விருந்துக்குச் சட்டம் போட்டவள் கார்முகில். "யாரும் சத்தமா உறிஞ்சக் கூடாது. சுண்டுவெரல தூக்கிகினுதான் குடிக்கணும்." இராமச்சந்திரன் லேத்தில் காய்த்துப் போன சுண்டுவிரலைத் தூக்கிப் பிடித்துக் குடித்தான். கங்காவும் தூக்கினாள். இரண்டு வாய் குடித்தவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். ரத்னா அவள் முதுகில் கையை வைத்தாள். கார்முகில் அவள் கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டு, "சக்கர பத்தலையாக்கா?" என்று கேட்டாள்.

கங்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "பத்துது கண்ணு" என்று மிச்சத்தையும் குடித்தாள்.

காஞ்சிபுரத்தில் இராமச்சந்திரனின் அத்தை வீட்டுக்குப் போவதாகச் சொல்லி இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள்.

திங்கட்கிழமை காலையில் தசரதனுக்குக் காய்ச்சல் அடிப்பது போல இருந்தது. ரத்னா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்ல, கெளம்பு" என்றாள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டாப்பிங்கில் ரத்தினம் நின்றிருந்தார், தனியாக. பஸ் நின்றதும் ஏறி, மகள் உட்காருகிற முன் சீட்டில் உட்கார்ந்தார். வெளியாளை ஏற்றக் கூடாது என்பது கம்பெனி விதி. அதை எடுத்துச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை. டிரைவருக்குச் சுத்தமாக இல்லை. எப்போதும் சினிமாப் பாட்டும் சண்டையுமாக வரும் வண்டி, ஒரகடம் தாண்டியும் பேச்சுமூச்சில்லாமல் போனது. தசரதன் கண்ணாடியைப் பார்க்காமலே ஓட்டினான். அதில் தப்பும் இல்லை. பார்த்து என்ன கிழித்தான்.

வல்லக்கோட்டைத் திருப்பம் வந்ததும் ரத்தினம் கேட்டார். "இங்கதானா?"

"இங்கதான்."

"ஊரே பேசுது, நீதான் தாலி எடுத்துக் குடுத்தன்னு."

"ஆமாங்க" என்றான் தசரதன். எத்தனையோ சமாதானம் யோசித்து வைத்திருந்தான். அதெல்லாம் ஒரகடத்திலேயே இறங்கிக்கொண்டது.

"எத்தினி பேர் இருந்தாங்க?"

"என் பொண்டாட்டி, பசங்க, நானு."

"சாப்பாடு?"

தசரதன் கியரை மாற்றினான். "டீங்க."

"டீயா?"

"பிஸ்கட்டும் இருந்துது."

ரத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நம்ம மில்லு அரிசியில ஊருக்கே எல போடணும்னு இருந்தேன்" என்றார். தசரதனிடம் சொன்ன மாதிரி இல்லை, ஜன்னலிடம் சொன்ன மாதிரி இருந்தது. கம்பெனி வாசலில் ஆட்கள் இறங்கியபிறகும் அவர் இறங்கவில்லை. நைட் ஷிப்ட் ஆட்களோடு அதே சீட்டில் திரும்பி வந்தார். இறங்கும்போது, "கண்ணாடியில பாத்துகினே இருப்பேன்னு சொன்னியே டிரைவரே" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று தசரதனுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகும் அவர் அவ்வப்போது ஸ்டாப்பிங்குக்கு வந்தார். ஏறுவதில்லை. ஜன்னலுக்குக் கீழே நின்று, "வேலைக்கு வருதா?" என்பார். "காஞ்சிபுரம் வண்டியில வருதுங்க" என்பான் தசரதன். "ஒடம்பு?" "நல்லா கீதுங்க." இதையெல்லாம் கேண்டீனில் கங்காவிடம் போய்ச் சொல்வான். அவள் சொல்வதை இங்கே வந்து சொல்வான். ஊர் ஊராகத் தேர் ஓட்ட வேண்டியவன், இப்படி இரண்டு பேருக்கு நடுவே தூது ஓடிக்கொண்டிருந்தான். கார்த்திகையில் ஒரு நாள் ரத்தினம், "அவன் எப்படி?" என்று கேட்டார். அவனைப் பற்றி அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. "நல்ல பையங்க" என்றான். எப்போதும் கூடவே இன்னும் நாலு வார்த்தை சேர்க்கிறவன், அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டான்.

தை மாதம் ரத்தினம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, சொன்னபடி மில் அரிசியில் இலை போட்டார். கங்காவும் இராமச்சந்திரனும் உள்ளே மணையில் உட்கார்ந்திருந்தார்கள். தசரதன் குடும்பத்துக்கும் அழைப்பு வந்திருந்தது. அவனைப் பார்த்ததும் ரத்தினம் "வா" என்றார், சிரிக்கவில்லை. ஆனால் அவன் இலைக்கு அவரே வந்து சாம்பார் ஊற்றினார். போதும் போதும் என்று கையை நீட்டியும் நிறுத்தவில்லை. அது பாசமா பழிவாங்கலா என்று தசரதனுக்கு விளங்கவில்லை. சாம்பார் இலையைத் தாண்டி மடியை நோக்கி வந்தது. இரண்டு கையாலும் சோற்றை அணை கட்டினான். எதிர் வரிசையில் ரத்னா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பக்கத்து இலைப் பெரியவர் விசாரித்தார். "நீங்க பொண்ணு வூடா, மாப்பிள்ள வூடா?"

தசரதன் யோசித்துப் பார்த்தான். இரண்டும் இல்லை.

"பஸ்ஸுங்க" என்றான்.

பெரியவர் புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு, அப்பளத்துக்குக் கையை நீட்டினார்.